கனகசபை அண்ணையின் ஜேர்மன் பேச்சு

என் கணவர் சபாரத்தினத்துக்கு ஒரு வியாதி உண்டு. யாருக்கும் 'இல்லை' என்று சொல்ல அவருக்கு வாய் வராது. சீனி வியாதியும் பிரஷரும் குளிசையோடு அடங்கிக் கிடக்கின்றன. இதற்கு மட்டும் டென்மார்க்கில் ஒரு வைத்தியரிடமும் மருந்து இல்லை. ஒடென்சேயில் பஸ் ஓட்டுகிற மனிதர். கதவைப் பூட்டிய பிறகு ஓடிவருகிறவருக்கும் திறந்துவிட்டு, பிந்திப் போய் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டுவார். நல்ல குணம்தானே என்று ஆட்கள் சொல்லுவார்கள். கூட இருந்து பார்த்தால் தெரியும். 'இல்லை' சொல்ல முடியாதவர் அதற்குப் பதிலாகப் பொய் சொல்லுவார். அன்றைக்கு எல்லாருக்கும் சந்தோஷம். அடுத்த நாள் அதைக் கழுவித் துடைக்கிறவள் நான்.

இந்த நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, அவர் சொன்ன பொய் கழுவித் துடைக்கக்கூடியதாக இல்லை.

எங்கள் மகள் றஜனி கோப்பன்ஹேகனில் பல் வைத்தியராக இருக்கிறாள். லூக்காஸ் என்ற ஜேர்மன்காரப் பையனை விரும்பி, வருகிற ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருக்கிறது. நிச்சயம் என்றால் இரண்டு பகுதியும் உட்கார்ந்து கதைத்துச் செய்ததில்லை. அவர்கள் இரண்டு பேரும் முடிவெடுத்துவிட்டு எங்களுக்கு அறிவித்தார்கள். லூக்காஸின் தாய் கத்தரீனாவும் தகப்பன் யூர்கனும் ஜேர்மனியில் ஹனோவர் பக்கம் இருக்கிறார்கள். வருடாவருடம் நத்தாருக்கு யூட்லாண்டின் மேற்குக் கரையில் ஒரு விடுமுறை வீட்டை வாடகைக்கு எடுத்து வந்து இருப்பார்களாம். அவர்கள் மட்டுமில்லை, அந்தக் கரையில் நத்தார் நாளில் டெனிஷை விட ஜேர்மன்தான் அதிகம் காதில் விழும். இந்த முறை நீங்களும் வாருங்கள், இரண்டு குடும்பமும் முகம் பார்த்துக்கொள்ளலாம், ஒரு இரவு தங்கிப் போகலாம் என்று றஜனி மூலம் கேட்டிருந்தார்கள்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வெள்ளைக்காரச் சம்பந்தி எங்களை ஒரு பொருட்டாக எடுப்பார்களோ என்று இருந்த பயம் பாதி குறைந்தது. ஆனால் கனகசபை அண்ணையை என்ன செய்வது?

கனகசபை அண்ணை எங்களுக்கு இரத்த உறவில்லை. என் கணவர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி முகாமில் இரண்டு பேரும் ஒரே அறை. அன்றிலிருந்து இவருக்கு அண்ணை, றஜனிக்குப் பெரியப்பா. அண்ணை மீன் தொழிற்சாலையில் வேலை செய்து பென்ஷன் எடுத்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. மனைவி இராசலட்சுமி அக்கா போய்ச் சேர்ந்த பிறகு ஒற்றை அறை வீட்டில் தனி ஆள். நத்தார் என்றால் இந்த ஊரில் கடை பூட்டு, தெருவில் ஒரு குஞ்சு குருமானைக் காண முடியாது. அந்த இரண்டு நாளும் அவர் எங்கள் வீட்டில்தான் இருப்பார். நான் கோழிக்குழம்பு வைப்பேன், அவர் சாப்பிட்டுவிட்டு ரீவிக்கு முன்னால் இருந்தபடியே குறட்டை விடுவார்.

இந்த முறை நாங்கள் வீட்டில் இல்லை என்பதைச் சொல்ல இவர் போனார். போனவர் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார். அண்ணையும் வருகிறார் என்றார்.

எப்படி என்று கேட்டேன். அண்ணையின் முகம் வாடிப்போனதாம். பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லையாம். அதனால், சம்பந்தி வீட்டுக்காரர் உங்களையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள், குடும்பத்தில் மூத்தவர் வராமல் என்ன விருந்து என்று கேட்டார்கள் என்று சொல்லிவிட்டாராம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். றஜனியிடமாவது சொன்னீர்களா என்றேன்.

"சொல்லுவம், சொல்லுவம். ஒரு ஆள்தானே. விருந்துக்கு ஆராவது தலை எண்ணுவினமோ?" என்றார்.

எங்கள் ஆட்களில் யாரும் எண்ணுவதில்லை என்பது உண்மைதான். ஒரு வீட்டுக்கு ஒரு அழைப்பிதழ் கொடுத்தால் மாமா, மாமி, மாமியைப் பார்க்க லண்டனில் இருந்து வந்த தங்கச்சி என்று ஒரு வான் நிறைய ஆள் இறங்கும். நாங்களும் அதற்குத் தக்கபடிதான் உலை வைப்போம். வந்தவரைப் பார்த்து நீ ஏன் வந்தாய் என்று எந்த வீட்டிலும் கேட்டது கிடையாது. இவர் அந்த நினைப்பில் இருந்தார். நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். வெள்ளைக்காரர் ஒரு பிறந்தநாளுக்கு எத்தனை துண்டு கேக் வெட்டுவார்கள் என்று தினமும் பார்க்கிறவள். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்துதான் இருந்தது. றஜனிக்கு நானே ஒரு போன் போட்டிருக்கலாம். போட்டால் அவள், அம்மா, இது அவர்களின் வீடு, சரிவராது என்று சொல்லுவாள். பிறகு அதைக் கனகசபை அண்ணையிடம் யார் போய்ச் சொல்வது? இவர் சொல்ல மாட்டார். நான்தான் போய் நிற்க வேண்டும். அந்த 'இல்லை'யைச் சொல்ல எனக்கும் விருப்பமில்லை. வாய் கிழிய இவரைத் திட்டுகிறேனே தவிர, இவரின் பொய் அன்றைக்கு எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

கனகசபை அண்ணையோ தலைகால் தெரியாமல் திரிந்தார். தலைக்கு மை பூசினார். புதுக் கழுத்துப்பட்டி வாங்கினார். கோயிலில் கண்ட ஆளிடமெல்லாம், சபாவின் சம்பந்தி வீட்டார் என்னைத் தனியச் சொல்லி அழைத்திருக்கிறார்கள் என்று சொன்னார். டென்மார்க்குக்கு வருவதற்கு முன்பு அவர் ஜேர்மனியில் ஒரு ஹோட்டல் குசினியில் உருளைக்கிழங்கு உரித்து, பாத்திரம் கழுவிச் சில வருடம் இருந்தவர். அங்கே பொறுக்கின பாஷை. இவ்வளவு காலம் அதை வைத்துக் கதைக்க ஆள் இருக்கவில்லை. இப்போது நூலகத்தில் ஜேர்மன் புத்தகம் எடுத்து, வீட்டில் தனியே இருந்து சத்தமாக வாசித்தாராம். விருந்து மேசையில் எழும்பி நின்று ஒரு நன்றி சொல்லப் போகிறாராம். அதையும் பாடமாக்கிவிட்டார்.

காரில் அவருக்கு முன் இருக்கை. ஒடென்சே தாண்டுவதற்குள்ளேயே பேச்சைத் தொடங்கிவிட்டார். ஒவ்வொரு வசனத்தையும் ஜேர்மனில் சொல்லிவிட்டு, பின்னால் இருந்த எனக்காகத் தமிழிலும் சொன்னார்.

"உங்களை நான் கண்டதில்லை. நீங்களும் என்னைக் கண்டதில்லை. கண்டறியாத ஒரு மனிசனுக்கு உங்கடை மேசையில இடம் வைச்சியளே, அதுக்கு நன்றி. எப்பிடிப் பிள்ளை, நல்லா இருக்கோ?"

நல்லா இருக்கு அண்ணை என்றேன். அந்த மனிதர் எழும்பி நின்று இதைச் சொன்னால் கத்தரீனா திருதிருவென்று முழிப்பாள். அவள் முழித்தால் அண்ணைக்கு விளங்கிவிடும். எழுபது வயதுக்கு மேல் ஒரு மனிதரை, தலைக்கு மை பூச வைத்து, அந்நியர் வீட்டு மேசையில் அப்படி அவமானப்பட வைத்தால் நாங்கள் என்ன மனிதர்கள்?

பெற்றோல் அடிக்க நிறுத்திய இடத்தில் இவரை இழுத்துக்கொண்டு போய் ஒரு பக்கம் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். இவர் கொஞ்சமும் கலங்கவில்லை. போன உடனே கத்தரீனாவைத் தனியாகப் பிடித்து, நீங்கள்தான் அவரை அழைத்தது என்று ஒரு சொல் சொல்லிவிடுங்கள் என்று கேட்டால் சரி, பெண்தானே, விளங்கும் என்றார். யோசித்துப் பார்த்தேன். அது நல்ல வழியாகத்தான் பட்டது. காரின் டிக்கியில் நான் பொரித்த றோல்ஸும் கட்லட்டும் ஒரு கல்யாண வீட்டுக்குக் காணும். அவ்வளவு சாப்பாட்டைக் கொண்டுபோகத் தெரிந்த எங்களுக்கு, ஒரு ஆள் கூடுதலாக வருகிறார் என்று ஒரு சொல் சொல்லத் தெரியவில்லை.

மணல் மேட்டுக்கு நடுவில் வைக்கோல் கூரை போட்ட வீடு. நாங்கள் போய் இறங்கப் பின்னேரமே இருட்டிவிட்டது. கடல் காற்று ஆளைத் தூக்கியது. கதவைத் திறந்த றஜனி சிரித்தாள். பிறகு காரின் முன் கதவால் கழுத்துப்பட்டியோடு இறங்கிய கனகசபை அண்ணையைக் கண்டாள். சிரிப்பு அப்படியே நின்றது. அவரைப் போய்க் கட்டிப்பிடித்துப் பெரியப்பா என்றாள், அதில் குறை சொல்ல முடியாது. அவர் உள்ளே போன பிறகுதான் தகப்பனிடம் திரும்பி டெனிஷில் பொரிந்தாள். ஏன் ஒரு சொல் சொல்லவில்லை, கத்தரீனா அம்மா ஒரு மாதமாக இதற்கு ஆயத்தம் செய்கிறாள் என்று கேட்டாள். கத்தரீனாவை அவள் அம்மா என்றது எனக்குச் சுருக்கென்றது. அது வேறு கதை.

இவர் என்னைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார். பிறகு, வெளிக்கிடுகிற நேரம் அண்ணை காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார், என்னம்மா செய்கிறது என்றார்.

இது இரண்டாவது பொய். ஆனால் வாசலில் வைத்து என்ன சண்டை, உள்ளே போய்ச் சரிசெய்வார்தானே என்று வாயை மூடிக்கொண்டேன்.

உள்ளே மேசை போட்டு முடிந்திருந்தது. ஆறு கதிரை, ஆறு தட்டு. ஒவ்வொரு தட்டிலும் இதயம் மாதிரி வெட்டிச் சுட்ட ஒரு மசாலா பிஸ்கட், அதன் மேல் வெள்ளைச் சீனிப்பாகால் ஒவ்வொருவரின் பெயர். யோகமலர் என்ற என்னுடைய பெயர் நீளம் என்று கத்தரீனா எழுத்தைச் சின்னதாக்கி, வளைத்து, ஒரு எழுத்தும் விடாமல் எழுதியிருந்தாள். இந்த நாட்டில் என் பெயரை முழுதாக எழுதின ஆட்கள் குறைவு. அதைக் கண்டதும் எனக்குக் கண் கலங்கியது. அதே நேரம் கனகசபை அண்ணை மேசையைச் சுற்றி மெதுவாக நடந்து, கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு பெயராக வாசிப்பதையும் கண்டேன். ஒரு சுற்று வந்தார். இரண்டாவது சுற்றுக்கு வெளிக்கிட்டபோது நான் இவரைக் கிள்ளிக் குசினிக்குள் தள்ளினேன். றோல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

கத்தரீனா உயரமான பெண். நரைத்த தலையை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருந்தாள். பெரிய சட்டியில் உருளைக்கிழங்கு சலாட் கிளறிக்கொண்டு நின்றவள் கையைத் துடைத்துவிட்டு எங்களைக் கட்டிப்பிடித்தாள். கதைத்தது இங்கிலிஷில். எனக்குக் கதைக்க வராது, ஆனால் விளங்கும். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு சின்ன விஷயம் என்று சரியாகத்தான் தொடங்கினார். அதற்குள் அவள் முந்திக்கொண்டு, கூட வந்தவர் யார், உங்கள் தகப்பனாரா, யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் கண் மேசைப் பக்கம் போய்க் கதிரையை எண்ணிவிட்டு வந்தது.

அந்தக் கண்ணைக் கண்டதும் இவருக்கு நாக்குப் பிரண்டுவிட்டது. சம்பந்திக்கு முன்னால் முதல் நாளே ஒழுங்கு தெரியாத ஆட்களாகிவிடுவோமே என்ற பயம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. அவர் எங்கள் பக்கத்து மனிதர், தனி ஆள், தானாக வந்து காரில் ஏறிவிட்டார் என்றார். மனைவி இறந்த பிறகு தலை கொஞ்சம் சரியில்லை, யாரும் கூப்பிடாமலே கூப்பிட்டதாக நினைத்துக்கொள்ளுவார் என்றார். இறக்கிவிட எங்களுக்கு மனம் வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். எல்லாம் ஒரே மூச்சில்.

ஒரு பொய்யை மறைக்க வந்தவர் அந்த மனிதரையே விசராக்கிவிட்டார். நான் பக்கத்தில் நிற்கிறேன். கையில் றோல்ஸ் பெட்டி. 'நோ' என்று ஒரு சொல் போதும். அந்தச் சொல் எனக்கு இங்கிலிஷிலும் தெரியும், ஜேர்மனிலும் தெரியும். நான் பெட்டியின் மூடியைத் திறந்து, எண்ணெய்த் தாளை மடித்து, திரும்பவும் விரித்து, திரும்பவும் மடித்தேன். இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே இரண்டு போடலாம் போல இருக்கிறது.

கத்தரீனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நீங்கள் எவ்வளவு நல்ல மனிதர்கள் என்றாள். ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு நேரே கனகசபை அண்ணையிடம் போனாள், நாங்களும் பின்னால் போனோம்.

அவர் ஜன்னல் பக்கம் நின்றார். அவள் அவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி, தன் பாஷையிலேயே சத்தமாகக் கதைத்தாள். சொல் விளங்காவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்தாளாக்கும். எனக்கு ஜேர்மன் விளங்காது. ஆனால் அந்தக் குரல் விளங்கும். மறதி வந்த கிழங்களோடு நாங்கள் வேலையிடத்தில் கதைக்கிற குரல் அது. பயப்படாதே, நீ நல்ல இடத்தில்தான் இருக்கிறாய் என்று சொல்கிற குரல். நானே தினமும் அந்தக் குரலில்தான் சோறு தீத்துகிறேன். பிறகு றஜனி சொல்லித்தான் முழுதாகத் தெரிந்தது. நத்தார் இரவில் யாருக்கும் அழைப்புத் தேவையில்லை, அழைக்காமல் வந்தாலும் நீங்கள் எங்கள் விருந்தாளிதான், மனைவியை இழந்தவருக்கு மறதி வருவது வழமைதான், வெட்கப்பட வேண்டாம் என்று சொன்னாளாம். அந்தப் பெண் மனம் நிறைந்துதான் சொன்னாள். அவளில் ஒரு பிழையும் இல்லை.

கனகசபை அண்ணை முதலில் சிரித்துக்கொண்டு கேட்டார். பிறகு சிரிப்பு போனது. அவளின் தோளுக்கு மேலால் இவரைப் பார்த்தார். இவர் உடனே ஜன்னலுக்கு வெளியே இருட்டில் எதையோ தேடத் தொடங்கினார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஏதோ கணக்கை மனதுக்குள் போட்டுப் பார்க்கிறவர் மாதிரிப் பார்த்தார். நான் குனிந்து என் காலுறையைப் பார்த்தேன். திரும்ப நிமிர்ந்தபோது அவர் கத்தரீனாவுக்கு மெல்லத் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

சாப்பாட்டு மேசைக்கு ஏழாவது கதிரை முற்றத்தில் இருந்து வந்தது. வெயிலுக்குப் போட்டு இருக்கிற மடிப்புக் கதிரை, மற்றவற்றைவிடப் பதிவு, உயரம் குறைவு. அண்ணை அதில் இருந்தபோது மேசை அவருக்கு நெஞ்சு மட்டத்துக்கு வந்தது. லூக்காஸ் தன் கதிரையைத் தருகிறேன் என்று எவ்வளவோ கேட்டுப் பார்த்தான், அவர் மாட்டேன் என்றுவிட்டார். பெயர் போட்ட பிஸ்கட் அவருக்கு இல்லையே என்று கத்தரீனா தன்னுடையதை எடுத்து அவரின் தட்டில் வைத்தாள். கத்தரீனா என்ற பெயருக்கு முன்னால் கனகசபை அண்ணை உட்கார்ந்திருந்தார்.

பெரிய விருந்து அடுத்த நாள்தானாம், வாத்து. இருபத்துநான்காம் திகதி இரவு உருளைக்கிழங்கு சலாட்டும் சொசேஜும்தான் அவர்களின் வழக்கம். சொசேஜ் ஆளுக்கு இரண்டு. யூர்கன் தன்னுடையதில் ஒன்றை அண்ணையின் தட்டில் வைத்தார். அதைப் பார்த்து லூக்காஸ் ஒன்றை வைத்தான், றஜனி ஒன்றை வைத்தாள். கடைசியில் மேசையில் யாருக்கும் இல்லாத அளவுக்கு அவரின் தட்டில் குவிந்து கிடந்தது. நான் கொண்டுபோன றோல்ஸைக் கத்தரீனா ஆகா ஓகோ என்று புகழ்ந்தாள். நான் தாங்ஸ், தாங்ஸ் என்றேன்.

யூர்கன் கிளாஸைத் தூக்கி, இரண்டு குடும்பம் ஒன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டுத் திரும்பக் கதிரையில் இருந்தார். அப்போது கனகசபை அண்ணை மடிப்புக் கதிரையில் கையை ஊன்றி எழும்பினார். கழுத்துப்பட்டியை நேராக்கிக்கொண்டு ஜேர்மனில் பேசத் தொடங்கினார். கத்தரீனா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். லூக்காஸுக்காக ஜேர்மன் படித்த றஜனி என் காதுக்குள் டெனிஷில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

உங்களை நான் கண்டதில்லை என்றார். நீங்களும் என்னைக் கண்டதில்லை என்றார். காரில் சொன்ன அதே பேச்சு. அடுத்த வசனம் எனக்குப் பாடம். அது வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் நிறுத்தினார். பாடமாக்கியதை விட்டுவிட்டார் என்பது அந்த இடைவெளியிலேயே எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு சொல் தேடித் தேடிக் கதைத்தார். றஜனியும் தேடித் தேடிச் சொன்னாள்.

என்னை இங்கே ஒருவரும் அழைக்கவில்லை. நான்தான் வந்தேன். மனைவி போன பிறகு எனக்குச் சில விஷயங்கள் மறந்துபோகின்றன. அழைக்கவில்லை என்பதும் மறந்துபோய்விட்டது. சபாரத்தினமும் யோகமலரும் என்னைக் காரில் இருந்து இறக்கிவிட்டிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்கிற ஆட்கள் இல்லை. அந்த மனிதரின் பிள்ளை உங்கள் குடும்பத்துக்கு வருகிறது. நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். எனக்கும் ஒரு இடம் தந்ததற்கு நன்றி.

சொல்லிவிட்டு இருந்தார். அந்தக் கதிரை பதிவு என்பதால் கொஞ்சம் தடுமாறித்தான் இருந்தார்.

கத்தரீனா அழுதாள். யூர்கன் எழும்பி வந்து அவரைக் கட்டிக்கொண்டு முதுகில் தட்டினார். நீங்கள் எவ்வளவு நன்றாக ஜேர்மன் கதைக்கிறீர்கள் என்றாராம். என் கணவர் தட்டில் கிடந்த சொசேஜைக் கத்தியால் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக்கொண்டிருந்தார், அதை வாயில் வைக்கவில்லை. எனக்கு எழும்பி நின்று கத்த வேண்டும் போல இருந்தது. அந்த மனிதர் விசரில்லை, நாங்கள்தான் அவரை ஏமாற்றினோம் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. சொன்னால் என்ன ஆகும்? மறதிக்காரர் என்று பார்க்கிற ஆட்கள், அப்போது ஏமாந்த சோணகிரி என்று பார்ப்பார்கள். தலைக்கு மை பூசி, பேச்சுப் பாடமாக்கி, அழைக்காத வீட்டுக்கு நன்றி சொல்ல வந்தவர் என்று தெரிந்துவிடும். அவர் எது குறைந்த வெட்கம் என்று பார்த்து எடுத்துக்கொண்டார். அதையும் நான் பறிக்க முடியாது. இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லாமல் இருப்பதற்கு ஒரு நல்ல காரணம் கிடைத்ததில் உள்ளுக்குள் ஒரு ஆறுதலும் வந்ததே, அதுதான் பெரிய வெட்கக்கேடு.

அந்த நல்ல காரணமும் அரை மணித்தியாலம் நிற்கவில்லை. குசினியில் பாத்திரம் துடைக்கிறபோது றஜனி கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அங்கே அவளும் நானும் மட்டும்தான்.

"அம்மா, பெரியப்பாவுக்கு மறதி எண்டு ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை? எவ்வளவு நாளா?"

கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வாசலில் அவரைக் கண்டு முகம் சுளித்ததை நினைத்து அழுதாளாம். ஒடென்சேயில் ஞாபகத்தைச் சோதிக்கிற வைத்தியர் இருக்கிறார், தானே நாள் எடுத்துத் தருகிறேன் என்றாள். இவளிடம் சொல்ல எனக்கு என்ன தடை? என் பிள்ளை. அண்ணையின் மானம் இவளிடம் போகாது. போவது இவளின் தகப்பனின் மானம், என் மானம். கோப்பையைத் துடைத்தேன். பிறகு என் வாய் திறந்தது.

"இப்பதான் பிள்ளை, கொஞ்ச நாளாத்தான்," என்றேன்.

இவரைத்தான் பொய்யர் என்று இந்தக் கதையைத் தொடங்கினேன்.

அடுத்த நாள் காலையில் கனகசபை அண்ணை கடற்கரைக்கு நடக்கப் போனார். இவர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். திரும்பி வந்தபோது இவரின் முகத்தில் ஈயாடவில்லை. மன்னிப்புக் கேட்டீர்களா என்றேன். கேட்கத்தான் போனாராம். அண்ணைதான் முந்திக்கொண்டு, கடல் நல்லா இருக்கு என்றாராம். அதற்கு மேல் இவருக்கு வாய் வரவில்லையாம்.

வாத்துச் சாப்பிட்டு வெளிக்கிட்டோம். கத்தரீனா ஒரு கம்பளிச் சால்வையை அண்ணையின் கழுத்தில் சுற்றிவிட்டு, கல்யாணத்துக்கு அழைப்பிதழ் நான் உங்களுக்குத் தனியாக அனுப்புவேன், மறக்கவே விடமாட்டேன் என்றாள். அவர் அதற்கும் சிரித்தார். காரில் முன் கதவைத் திறந்து விட்டேன். காலை நீட்டவேண்டும் பிள்ளை, நீ முன்னுக்கு இரு என்று பின்னால் ஏறிவிட்டார். வழி முழுக்க மூன்று பேரும் மழையைப் பற்றிக் கதைத்தோம். நேரே பார்த்துக் கார் ஓட்ட வேண்டியிருந்ததில் இவருக்கு நிம்மதி. எனக்கு அப்படி ஒரு வேலையும் இருக்கவில்லை.

அவரின் தொடர்மாடிக்கு முன்னால் நிறுத்தியபோது, மிஞ்சின றோல்ஸைக் கட்டிக்கொண்டு நானும் இறங்கி, வெளிப்படி ஏறிக் கதவு வரைக்கும் போனேன். கீழே காரில் இருந்த இவர் கண்ணாடியை இறக்கி, அண்ணை, புதுவருசத்துக்கு வீட்டை வாங்கோ, யோகம் ஆட்டிறைச்சி காய்ச்சுறா என்று கத்தினார். குரல் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

கனகசபை அண்ணை திறப்பைக் கதவில் போட்டவர் அப்படியே நின்றார். எங்கள் வீட்டுப் பானையைத் தானே திறந்து பார்த்துச் சாப்பிடுகிற மனிதர். றஜனி பிறந்த நாளில் இருந்து எங்கள் வீட்டுக் கதவை ஒரு நாளும் தட்டாமல் திறந்து வருகிற மனிதர். திரும்பி என் முகத்தைப் பார்த்து, வலு மெதுவாக, கீழே இருக்கிறவருக்குக் கேட்கக்கூடாது என்ற மாதிரிக் கேட்டார்.

"பிள்ளை, நீயும் கூப்பிடுறியோ? இல்லாட்டி அவன் சும்மா சொல்லுறானோ?"

"ஐயோ அண்ணை, நான்தான் கூப்பிடுறன்," என்றேன்.

கத்தரீனாவுக்குத் தலையாட்டினது போலவே எனக்கும் மெல்லத் தலையாட்டிவிட்டு, றோல்ஸ் பொதியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.